பதிலைப் படித்துக்கொண்டு போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த வெளிநாட்டுப் பயணக் குறிப்புகளைப் படித்தேன். விசா, மருத்துவக் காப்பீடு, பணம் மாற்றுவது பற்றியெல்லாம் எழுதியிருந்தது உபயோகமாக இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில், இனி எந்த நாட்டு மொழியையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, கைப்பேசியே நமக்காகப் பேசிவிடும் என்ற பொருளில் எழுதியிருந்தீர்கள். அதை மறுக்கத்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மணப்பாட்டுக்காரி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் கடற்கரைக்கு ஸ்பெயின் அவ்வளவு அந்நியமான பெயர் இல்லை. எங்கள் கரையில் மறை போதித்த புனித சவேரியார் 1506இல் பிறந்தது அங்கே நவார்ராவிலுள்ள ஹவியேர் கோட்டையில். இயேசுவின் சீடரான சந்தியாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் பேராலயம் அந்த நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியாவின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவில் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கும் என் தங்கைக்கும் நெடுநாள் ஆசை. ஊர்க் கோயில் குழுவோடு போய் வந்தோம்.

புறப்படும் முன்பே கொஞ்சம் ஸ்பானியம் கற்றுக்கொண்டேன். கல்லூரியில் அந்த மொழியைப் படித்த என் தங்கை மகள் மாலை நேரங்களில் சொல்லிக்கொடுத்தாள். நான் ஒரு கோடு போட்ட நோட்டில் தமிழ் எழுத்திலேயே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

பயணத்தின் முதல் பகுதி முழுக்கப் பேருந்து. கூட வந்த வழிகாட்டி நல்ல மனிதர். அறைச் சாவி, சாப்பாட்டுச் சீட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவர் கையால்தான் எங்களுக்கு வந்தன. எங்களில் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் ஹவியேர் கோட்டைவரை போய்த் திரும்பிய அத்தனை நாட்களிலும் நான் ஒரு ஸ்பானியரிடம் ஒரு சொல் பேசவில்லை. பேசும் தேவை எங்கேயும் எழவில்லை. மாதக்கணக்கில் படித்ததெல்லாம் நோட்டிலேயே கிடந்தது.

அப்புறம்தான் நடை, யாத்திரிகர்கள் அந்தப் பேராலயத்துக்குக் கால்நடையாகப் போகிற வழியில். கலீசியாவில் சாரியா என்ற சிற்றூரிலிருந்து சந்தியாகோவுக்கு ஏறக்குறைய 115 கிலோமீட்டர். குழுவில் சிலர் பேருந்திலேயே தொடர்ந்தார்கள். நடக்க விரும்பியவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அவரவர் வேகத்தில் நடந்தோம். வழி தவறாது. 1980களில் ஓ செப்ரெய்ரோ மலைக்கிராமத்துப் பங்குத்தந்தை எலியாஸ் வலிஞா மஞ்சள் வண்ணத்தை எடுத்துக்கொண்டு அம்புக்குறி வரையத் தொடங்கினார். இன்று மரத்திலும் மதிலிலும் கல்லிலும் அந்த மஞ்சள் அம்பு கூடவே வருகிறது. ஆகவே வழி கேட்கக்கூட வாய் திறக்க வேண்டியதில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் திறந்தாக வேண்டும்.

நடந்து வந்ததற்கான சான்றிதழைப் பேராலயத்தின் அலுவலகம் தர வேண்டுமானால் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சியாக ஒரு மடிப்பேட்டில் நாளொன்றுக்கு இரண்டு முத்திரை வாங்க வேண்டும். கோயிலில், காப்பிக் கடையில், தங்கும் விடுதியில் எங்கே கேட்டாலும் குத்துவார்கள். ஆனால் கேட்க வேண்டும். "உன் செய்யோ, போர் ஃபவோர்" என்று, ஒரு முத்திரை தாருங்கள் என்று, ஒவ்வொரு நாளும் முன்பின் தெரியாத இரண்டு பேரிடமாவது சொல்ல வேண்டும். இதைவிட நல்ல பேச்சுப் பயிற்சியை என் பணிக்காலத்தில் எந்தப் பாடத்திட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

நடைப்பயணத்தில் அன்றாடம் வருவது அதே நாலைந்து உரையாடல்கள்தான். காலையில் காப்பி, வழியில் முத்திரை, மதியம் சாப்பாடு, மாலையில் படுக்கை, இடையிடையே கடையில் பழமோ ரொட்டியோ. பேச்சு அதேதான், எதிரே நிற்கிற ஆள் மட்டும் மாறுகிறார். நேற்று ஒரு கிழவர் வாய்க்குள்ளேயே சொன்னதை இன்று ஓர் இளம்பெண் படபடவென்று சொல்கிறாள். ஒரே பாடத்தைப் பல வாய்களில் கேட்கும்போதுதான் காது திறக்கும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணத்துக்கென்று அச்சிடும் உரையாடல் புத்தகங்கள் இதில்தான் கைவிடுகின்றன. அவற்றில் கேள்விகள் மட்டும் இருக்கும். "படுக்கை இருக்கிறதா?", "காப்பி கிடைக்குமா?", "விலை என்ன?" கேள்வியை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்து கேட்டுவிடலாம். கேட்ட மறு நொடி எதிராளி வேகமாக ஒன்று சொல்வார். அங்கேதான் எல்லோரும் திகைத்துப் போய்க் கைப்பேசியை எடுக்கிறார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பதில்கள் எத்தனை இருக்க முடியும்? மாலையில் யாத்திரிகர் விடுதியின் வாசலில் நின்று "ஆய் காமா?" என்று கேட்டால், "கொம்ப்ளேத்தோ" என்பார்கள், இடம் நிறைந்துவிட்டது. அல்லது "சீ" என்று தலையாட்டிவிட்டு எத்தனை பேர் என்பார்கள். அப்புறம் பாஸ்போர்ட்டும் மடிப்பேடும் கேட்பார்கள். அடுக்குக் கட்டில் என்பதால் "அர்ரீபா ஓ அபாஹோ", மேலேயா கீழேயா என்று கேட்பார்கள். இரவு கதவை எத்தனை மணிக்குச் சாத்துவோம் என்று சொல்வார்கள். அவ்வளவுதான். காப்பிக் கடையில் பால் நன்றாகச் சூடாக வேண்டுமா, இளஞ்சூடாக வேண்டுமா என்று கேட்பார்கள். "கலியெந்தே ஓ தெம்ப்ளாதா". நம் ஆட்களுக்கு "கலியெந்தே"தான் சரி, இல்லாவிட்டால் ஆறிப்போன காப்பி குடித்த மாதிரி இருக்கும். பிறகு வேறேதாவது வேண்டுமா என்பார்கள். கடையில் பை வேண்டுமா, கார்டா ரொக்கமா என்பார்கள். இந்தப் பதில்களை முன்கூட்டியே காதுக்குப் பழக்கிக்கொண்டு போனால் போதும்.

என் நோட்டில் இடப்பக்கம் நான் சொல்ல வேண்டியது, வலப்பக்கம் அவர்கள் சொல்லக்கூடியது என்று எழுதிவைத்திருந்தேன். நடை தொடங்கிய பிறகு வலப்பக்கம்தான் நாளுக்கு நாள் நிறைந்தது. படுக்குமுன் அன்று காதில் விழுந்ததை எழுதுவேன், தங்கை சரிபார்ப்பாள். அவள் காது கூர்மையானது.

தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வதைச் சிலர் குறைவாக நினைக்கக்கூடும். எனக்கு அதுதான் பெரிய பலமாக இருந்தது. ஸ்பானியத்தின் 'த' பல்லில் நாக்குப் படும் நம் 'த'தான். 'அது', 'அகம்' என்று சொல்லும்போது நடுவில் வரும் 'து'வும் 'க'வும் நம் வாயில் மென்மையாகின்றன அல்லவா, ஸ்பானியத்திலும் சொல்லின் நடுவே வரும் 'd', 'g' எழுத்துகள் அப்படியே குழைகின்றன. 'ஞ' அப்படியே இருக்கிறது. அந்த நாட்டின் பெயரே அவர்கள் வாயில் 'எஸ்பாஞா'தான். 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் நாய். 'அரை', 'அறை' என்று பிரித்துச் சொல்லிப் பழகிய நாக்குக்கு அந்த வித்தியாசத்தைத் தனியாகக் கற்பிக்க வேண்டாம். சொல் நடுவே வல்லொலி வந்தால் நான் இரட்டித்து எழுதினேன்; சொல்லின் முதலில் மென்மையான ஒலி வந்தால் எழுத்தின் மேல் ஒரு சிறு கோடு. ஆங்கில எழுத்தில் எழுதிப் படித்த எங்கள் குழு இளைஞர்களைவிட என் பேச்சு அங்குள்ளவர்களுக்கு எளிதில் புரிந்தது.

இலக்கணத்திலும் நமக்கு ஒரு சாதகம் உண்டு. வினையின் முடிவிலேயே யார் என்பது தெரிந்துவிடுவதால் 'நான்', 'நாங்கள்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குக் கால் வலிக்கிறது' என்று நாம் சொல்கிற அமைப்பிலேயே அவர்களும் சொல்கிறார்கள். 'மே துவேலே எல் பியே.' எனக்கு வலிக்கிறது, பாதம். ஆங்கிலத்தின் வழியாகப் போனால் இது குழப்பும். தமிழிலிருந்து நேராகப் போனால் குழப்பமே இல்லை. 'நீ', 'நீங்கள்' வித்தியாசமும் உண்டு. வயதானவர்களிடம் நான் 'உஸ்தேத்' என்றே பேசினேன். கடைப் பையன்கள் என்னை ஒருமையில் அழைத்தார்கள். ஸ்பெயினில் அது சகஜம், அவமரியாதை ஆகாது. நம் ஊர்ப் பெரியவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

கலீசியாவுக்கென்று தனி மொழி இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பலகைகள் பெரும்பாலும் அதில்தான். கிராமத்துப் பாட்டிகள் இரண்டையும் கலந்து பேசுகிறார்கள். பயப்பட வேண்டாம், ஸ்பானியத்தில் கேட்டால் ஸ்பானியத்தில் பதில் வரும்.

இனி மெலிதே. இந்த ஊரைப் பற்றி எழுதாமல் என்னால் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. பாதி வழியைத் தாண்டியதும் வருகிற ஊர். கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே இருந்தாலும் அங்கே பேர்போன சாப்பாடு எங்கள் கரையில் பேய்க்கணவாய் என்கிறோமே, அந்த ஆக்டோபஸ். பெரிய செப்புப் பானைகளில் வேகவைத்து, கத்தரிக்கோலால் வெட்டி, மரத்தட்டில் போட்டு, கல் உப்பும் சிவப்பு மிளகாய்ப்பொடி மாதிரியான ஒரு பொடியும் தூவி, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். பொடி காரமே இல்லை.

பானையருகே நின்ற அம்மாவுக்கு என் வயது இருக்கும். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். "தெ லா இந்தியா, தெல் சூர்" என்றேன், இந்தியாவின் தெற்கிலிருந்து. அங்கே கடல் உண்டா என்றார். நோட்டில் இல்லாத கேள்வி. ஆனால் 'மார்' என்ற சொல் தெரியும். "சீ. மி பாத்ரே, பெஸ்கதோர்" என்றேன். என் அப்பா மீனவர். வினைச்சொல்லே இல்லாத வாக்கியம், ஆனாலும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அண்ணனும் கடலில்தான் வேலை பார்க்கிறார் என்று சொன்னார். பிறகு என்னைப் பானையருகே கூப்பிட்டு, கணவாயைத் தலைப்பக்கம் பிடித்து, கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்து, முக்கி எடுத்து, "உனா, தோஸ், த்ரெஸ்" என்று எண்ணிக் காட்டினார். மூன்று முறை முக்கி எடுத்த பிறகுதான் முழுதாக வேகவிட வேண்டும், அப்போதுதான் தோல் உரியாது. அதற்கு அவர்கள் 'பயமுறுத்துவது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் எப்படிச் சமைப்போம் என்று கேட்டார். கையை ஆட்டி, "பிக்காந்தே, முய் பிக்காந்தே" என்றேன், ரொம்பக் காரம். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கைப்பேசியை நடுவில் நீட்டியிருந்தால் அவர் திரையைப் பார்த்திருப்பார். என் முகத்தையும் என் கைகளையும் பார்த்ததால்தான் பானையருகே கூப்பிட்டார். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, கைப்பேசியே கூடாது என்பது என் வாதம் இல்லை. அர்சுவாவில் தங்கையின் குதிகாலில் கொப்புளம் உடைந்து சிவந்துவிட்டது. அவள் சர்க்கரை நோயாளி. பச்சைச் சிலுவை விளக்கு எரிகிற மருந்துக் கடைக்குப் போனோம். "அம்போயா" என்று கொப்புளத்தைச் சொன்னேன், "தியாபேத்திகா" என்று நோயைச் சொன்னேன், எப்போதிலிருந்து என்று மருந்தாளுநர் கேட்டதும் புரிந்தது. அதற்குமேல் அவள் தினமும் சாப்பிடும் மாத்திரைகள், மருந்து ஒவ்வாமை என்று பேச்சு போனபோது கைப்பேசியை எடுத்தேன். எடுக்கத்தான் வேண்டும். உடல்நலம், போலீஸ், தொலைந்த பாஸ்போர்ட், இந்த இடங்களில் தப்பாகப் புரிந்துகொள்ள இடம் கொடுக்கக் கூடாது. மற்றபடி ஒரு காப்பிக்கும் ஒரு கிலோ ஆரஞ்சுக்கும் அது எதற்கு?

சந்தியாகோ நகரத்துக்குள் வந்ததும் நிலைமை மாறியது. உணவகப் பையன்கள் நம் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அது அவர்களுடைய உதவும் குணம். "எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ", கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி சொன்னால் போதும், உடனே நிதானமாக ஸ்பானியத்துக்குத் திரும்பிவிடுவார்கள். நெரிசலான நேரத்தில் மட்டும் அவர்களைச் சோதிக்க வேண்டாம். மதியம் 2 மணிக்கு மேல் அங்கே சாப்பாட்டுக் கூட்டம். காலை 11 மணி வாக்கில் போனால் கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும்.

இதெல்லாம் எங்கள் கரைக்குப் புதிதும் இல்லை. சவேரியார் 1542இல் இங்கே வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். இதை அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். தமிழ் அவருக்கு முழுதாக வசப்பட்டதில்லை என்றுதான் வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் வசப்படும்வரை காத்திருக்காமல் தெருவில் இறங்கினார். அவர் பிறந்த கோட்டையைப் பார்க்கப் போகிற நாம், அவர் ஊர்க்காரர்களிடம் காலை வணக்கம்கூடச் சொல்லாமல் பேருந்தில் ஏறி இறங்கித் திரும்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதனால் இரண்டு கோரிக்கைகள். குழுக்களை அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து எல்லாவற்றையும் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். முதல் நாள் காலைக் காப்பியையாவது அவரவர் கேட்டு வாங்கட்டும். புறப்படும் முன் கோயில் மண்டபத்தில் நாலு மாலை வகுப்பு வையுங்கள். ஒருவர் கடைக்காரர், ஒருவர் பயணி என்று நடித்துப் பார்த்தால் போதும், பெரிய ஆசிரியர் யாரும் தேவையில்லை. வயதானவர்களால் முடியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எங்கள் குழுவில் மிக வேகமாகப் பேசப் பழகியவர் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. சந்தையில் பேரம் பேசியே வளர்ந்தவருக்கு மொழி ஒரு தடையாகவே இருக்கவில்லை.

உங்களுக்கு ஒரு கோரிக்கை. சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டுகளைக் கொம்போஸ்தெலாவில் புனித ஆண்டாகக் கொண்டாடுகிறார்கள். 2027 அப்படி ஒரு ஆண்டு. எங்கள் மாவட்டத்திலிருந்தே பலர் போக நினைக்கிறார்கள். உங்கள் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். ஒரு வாரம் காப்பிக் கடை, ஒரு வாரம் மருந்துக் கடை, ஒரு வாரம் விடுதி. தமிழ் எழுத்தில் கேள்வி இரண்டு வரி, வரக்கூடிய பதில்கள் ஐந்தாறு வரி. பதில்கள் கட்டாயம் இருக்க வேண்டும். மொழியை நன்கறிந்த ஒருவரைக் கொண்டு சரிபார்த்து வெளியிடுவதாக இருந்தால், என் நோட்டைப் பிரதி எடுத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
மணப்பாடு, தூத்துக்குடி மாவட்டம்.